அப்பா கேட்ட முதல் சந்தேகம்

மலர்க் குழுவில் இருக்கும் நண்பன், "நீயும் ஏதாவது எழுதுடா, கவிதை மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே முப்பத்தேழு வந்து கிடக்கு" என்றான். எனக்குக் கதை கட்டத் தெரியாது. 2025 ஆடி மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும். கணக்கில் பிழை இருந்தால் மட்டும் நேரில் வந்து சொல்லவும்.

என் அப்பா டிரைவர். திண்டுக்கல்லில் நூல் மில் வைத்திருக்கும் ஒரு முதலாளி வீட்டில் பதினோரு வருஷமாக வண்டி ஓட்டுகிறார். ஏழாம் வகுப்போடு நின்றவர். அம்மா ஐந்தாவது. அப்பத்தா கைநாட்டு. எங்கள் வம்சத்திலேயே பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதை என்னவென்றால், கேஸ் புக் பண்ணுவதும், ரேஷன் கார்டு திருத்தத்துக்கு மனு எழுதுவதும்! மற்றபடி அப்பா என்னிடம் கேட்பது இரண்டே கேள்விகள். ஒன்று, "சாப்பிட்டியா?" இன்னொன்று, "பீஸ் எப்ப கட்டணும்?"

அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு வந்து, சட்டையைக் கழற்றாமலே என் பக்கத்தில் உட்கார்ந்தார். "தம்பி, நீ கரண்டு படிக்கிறவன்தானே?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "முதலாளி அந்தக் கரண்டு காரைக் கொடுக்கப் போறார். வெளிய பன்னெண்டுக்குக் கேக்குறாங்க. எனக்குன்னா பத்தரைக்குத் தரேங்கிறார். எடுக்கலாமா, இல்ல பொறுக்கலாமா? நீ சொல்லு."

நண்பர்களே, பதினெட்டு வயதில் முதல் தடவையாக என் அப்பா என்னிடம் ஒரு சந்தேகம் கேட்கிறார். எனக்கு சந்தோஷம் வரவில்லை, வயிற்றைக் கலக்கியது. செமஸ்டரில் ஒரு பேப்பர் போனால் அடுத்த தடவை எழுதிக்கொள்ளலாம். இது அப்படியா? கையில் கொடுக்க வேண்டிய இரண்டு லட்சத்தில், அம்மாவின் சீட்டுப் பணம் ஒரு லட்சத்து இருபதாயிரம். மிச்சம் அம்மாவின் சங்கிலியும் தங்கச்சியின் தோடும். பாக்கிக்கு பேங்க் லோன். வேலையை விட்டுவிட்டு, மஞ்சள் எழுத்துக்கு மாற்றி, பழனி, கொடைக்கானல் என்று சொந்த டாக்ஸி ஓட்ட வேண்டும் என்பது அப்பாவின் இருபது வருஷக் கனவு. கனவு என்று அவர் சொல்ல மாட்டார். "ஒரு வண்டி போடணும்" என்பார்.

மறுநாளே நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். முதலில் கொடைக்கானல் கணக்கு. வண்டியும் ஐந்து பேரும் பையும் சேர்த்து 2,000 கிலோ என்று வைத்துக்கொண்டேன். திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் உயரம் ஏறக்குறைய 1,800 மீட்டர். 2,000-ஐ 9.8-ஆல் பெருக்கி, 1,800-ஆல் பெருக்கி, 36 லட்சத்தால் வகுத்தால் 9.8 யூனிட். அதாவது மலையேற மட்டும் கிட்டத்தட்ட பத்து யூனிட் கரண்டு. முதலாமாண்டில் இயற்பியல் சார் "எம்.ஜி.எச்." என்று போர்டில் எழுதியபோது நான் கடைசி பெஞ்சில் தூங்கியவன். அதே சூத்திரம் எங்கள் அம்மா சங்கிலியைப் பிடித்து இழுக்கும் என்று யாருக்குத் தெரியும்!

சமதளத்தில் நூறு கிலோமீட்டருக்குப் பதினைந்து, பதினாறு யூனிட். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் ஏறுவதற்கு 27. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டர் ஆகி ஐந்தாறு யூனிட்டைத் திருப்பித் தரும், ஆக இறங்க 10. மொத்தம் 37. பேட்டரி புதிதில் 50 யூனிட். எங்கள் சீனியர் ஒருவர் வேலை பார்க்கும் ஒர்க்ஷாப்பிலிருந்து ஒரு ரீடர் வாங்கி வந்து வண்டியில் சொருகிப் பார்த்தேன். பேட்டரி ஆரோக்கியம் 88 சதவீதம் என்று காட்டியது. அப்படியானால் 44. ஏழு யூனிட் கையிருப்பில் போய் வரலாம். ஆனால் மேலே போய் ஊர் சுற்றிக் காட்ட வேண்டாமா? சீசன் ஞாயிற்றுக்கிழமையில் வெள்ளி நீர்வீழ்ச்சியிலிருந்து வண்டிகள் நிற்குமே, அப்போது ஏசி போடச் சொல்ல மாட்டார்களா? சரி, மேலே சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்றால் அதிலும் ஒரு சங்கதி. முழுக்க ஏற்றிவிட்டு இறங்கினால், திரும்பி வரும் கரண்டை வாங்க பேட்டரியில் இடமிருக்காது. பிரேக்கைத்தான் தேய்க்க வேண்டும்.

டீசல் வண்டி என்றால் இதே பயணத்துக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் போகும். வீட்டில் கரண்டு ஏற்றினால் முன்னூற்றைம்பது அளவில் முடிந்துவிடும். அம்மா இதைக் கேட்டதும் "அப்ப எடுத்துருங்க" என்றாள். ஆனால் எந்த வீட்டில் ஏற்றுவது? நாங்கள் இருப்பது லைன் வீடு. அயர்ன் பாக்ஸ் போட்டாலே பக்கத்து வீட்டு ஃபேன் மெதுவாகும். பதினைந்து ஆம்பியர் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் ஏறும், காலி பேட்டரி நிறையப் பதினைந்து மணி நேரம். பொதுச் சார்ஜரில் என்றால் செலவு இரண்டு மூன்று மடங்கு. போதாக்குறைக்கு உத்தரவாதப் புத்தகத்தைப் புரட்டினால், எட்டு வருஷ பேட்டரி கியாரண்டி சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான், வாடகைக்கு ஓட்டினால் கிடையாது என்று பொடி எழுத்தில் இருந்தது. அது இங்கிலீஷில் இருந்தது. அப்பா பதினோரு வருஷம் ஓட்டினாலும் அதைப் படித்திருக்க முடியாது.

இதிலேயே நான் "பொறுக்கலாம்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பாவுக்கு அந்த வண்டியில் ஆசை வேறு விஷயத்தில். அது 2022 மாடல். டிரைவருக்கு ஒத்தாசை செய்யும் பழைய தலைமுறைக் கருவிகள் அதில் உண்டு. பின் பம்பருக்குள் இரண்டு மூலையிலும் ராடார் இருக்கிறது. கண்ணாடியில் தெரியாத இடத்தில் பைக்கோ லாரியோ வந்தால் அந்தப் பக்கக் கண்ணாடியில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரியும். அவ்வளவுதான், தானாக பிரேக் போடாது, ஸ்டியரிங்கைத் தொடாது. முதலாளி புதிதாக எடுத்த வண்டியில் முன்னாலும் கேமராவும் ராடாரும் உண்டு. முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும், ஆபத்தென்றால் பிரேக்கும் போடும். பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை படி வைத்திருக்கிறார்களே, அதில் இரண்டாம் படி. இரண்டாம் படி என்றாலும் ஓட்டுகிற பொறுப்பு டிரைவருடையதுதான், கை ஸ்டியரிங்கில்தான் இருக்க வேண்டும்.

"பழைய வண்டிக்கும் சாஃப்ட்வேர் போட்டால் புதுசு மாதிரி ஆகிடும்டா" என்றான் என் பெஞ்ச்மேட். இல்லாத ராடாருக்கு சாஃப்ட்வேர் என்ன செய்யும்? அமெரிக்காவில் டெஸ்லா கதையே இருக்கிறது. 2019-இல் ஒரு கம்ப்யூட்டரைப் பொருத்தி, இது போதும், வண்டி தானே ஓடும் காலம் வரும் என்று விற்றார்கள். 2025 ஜனவரியில் அந்த நிறுவனத் தலைவர் எலான் மஸ்க்கே, அதற்கென்று பணம் கட்டியவர்களுக்கு அந்தக் கம்ப்யூட்டரை மாற்றித்தர வேண்டியிருக்கும் என்று ஒப்புக்கொண்டார். வாங்குகிற அன்றைக்கு வண்டியில் என்ன இருக்கிறதோ அதற்குத்தான் விலை கொடுக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் தோன்றியது. இருப்பது வேலை செய்கிறதா என்று யார் பார்த்தார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை முதலாளியிடம் கேட்டு வண்டியை எடுத்துக்கொண்டு பைபாஸுக்குப் போனோம். அப்பா நாற்பதில் ஓட்ட, பெஞ்ச்மேட் பைக்கில் முதலில் வலப்பக்கம் வந்தான். வலது கண்ணாடி விளக்கு அழகாக எரிந்தது. அடுத்து இடப்பக்கம் வந்தான். எரியவில்லை. இன்னொரு தடவை. எரியவில்லை. டேஷ்போர்டில் பழுது என்று எதுவும் காட்டவும் இல்லை. வண்டியை ஓரங்கட்டி பின் பம்பரைத் தட்டிப் பார்த்தேன். வலது மூலையில் பிளாஸ்டிக் சத்தம். இடது மூலையில் 'மொத்' என்று சத்தம். உள்ளே புட்டி கனமாகப் பூசி, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ராடார் அலை மெல்லிய பிளாஸ்டிக்கைத் தாண்டிப் போகும். இத்தனை கனத்தைத் தாண்டிச் சரியாகப் போகாது. இடித்த வேகத்தில் உள்ளே அது கோணம் மாறியிருந்தாலும் சொல்வதற்கில்லை.

"அப்பா, இந்த வண்டி பின்னாடி அடி வாங்கியிருக்கு. முதலாளி உங்ககிட்ட மறைச்சுட்டாரு" என்று படபடவென்று சொன்னேன். எனக்குக் கோபம், கூடவே கண்டுபிடித்துவிட்ட கர்வம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பைக்காரனை டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பினார்.

"முதலாளி மறைக்கல. நான்தான்" என்றார்.

பங்குனியில் மில் வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் இடித்திருக்கிறார். அவருக்கு ஒன்றரை வருஷமாகக் கழுத்து எலும்புத் தேய்மானம். இடப்பக்கம் முழுக்கத் திரும்பாது. வீட்டில் யாருக்கும் தெரியாது. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று, தன் கைக்காசு நாலாயிரம் போட்டு ஒரு சின்னப் பட்டறையில் புட்டி வைத்துப் பெயின்ட் அடித்துவிட்டார். "அந்த மஞ்ச வெளக்கு இருந்ததாலதான் இடப்பக்கம் தைரியமா ஓட்டிக்கிட்டு இருந்தேன். பெயின்ட் அடிச்சப்புறம் அது எரியல. ரெண்டு தரம் பயந்துட்டேன்டா. ஒரு தரம் ஸ்கூட்டியில ஒரு பொம்பளப் புள்ள." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

நான் கெடுத்த வண்டியை நானே எடுத்துக்கொள்வதுதான் நியாயம் என்று அவர் மனதில் ஒரு கணக்கு ஓடியிருக்கிறது. என் நோட்டுக் கணக்கில் அது எங்குமே இல்லை. டீ வந்தது. மூன்று பேரும் வண்டி மேல் சாய்ந்துகொண்டு குடித்தோம். என் கர்வமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் சொன்னேன். "பொறுக்கலாம்பா. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அப்புறம் முதலாளிகிட்ட சொல்லிடுங்க." கடைசி வாக்கியத்தைச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று இப்போதும் தெரியவில்லை. அவர் வேலை போயிருந்தால் என் பீஸும் போயிருக்கும்.

இரண்டு நாள் அப்பா என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் மாலை முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். முதலாளி கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "தூணு நல்லா இருக்கா?" என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போதே அப்பாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முதலாளி பம்பரை மாற்றி ராடாரையும் சரிபார்த்த பிறகு, வண்டியைத் தேனிப் பக்கம் ஒருவருக்குக் கொடுத்தார். வண்டியைக் கொடுக்கும்போது, என்ன அடி பட்டது, என்ன மாற்றினோம் என்று அப்பாவே எடுத்துச் சொன்னார்.

சீட்டுப் பணம் அப்படியே இருக்கிறது. அப்பா பெரியாஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த கழுத்துப் பயிற்சியைக் காலையில் செய்கிறார். அப்பத்தா அதைப் பார்த்து "இவனுக்கு என்ன பேயா புடிச்சிருக்கு" என்கிறாள். இன்னும் மூன்று நாலு வருஷம் போனால் இரண்டாம் படி வண்டிகளே செகண்ட்ஸில் வரும், அதற்குள் நானும் சம்பாதிப்பேன் என்பது என் எண்ணம். ஆனால் அப்பாவுக்கு இப்போது நாற்பத்தொன்பது. லோன் எட்டு வருஷம் என்றால் கூட்டிப் பாருங்கள். இந்த ஒரு கணக்கை மட்டும் நான் நோட்டில் போடவில்லை. 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆனபோது, பேப்பரைக் காட்டி "பொறுத்தது நல்லதுதான்டா" என்றார். கரண்டு காருக்கு 2019 ஆகஸ்டிலிருந்தே 5 சதவீதம்தான், அதில் மாற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை.

முதலாளியின் புது வண்டியை அவர்தான் ஓட்டுகிறார். மலையில் கோடும் கிடையாது, பனி வேறு என்று கோட்டைப் பிடித்துப் போகும் வசதியை அணைத்துவிடுகிறாராம். பக்கக் கண்ணாடி விளக்கை மட்டும் அணைப்பதில்லை.

போன வாரம் நானும் அப்பாவும் பைக்கில் பைபாஸில் வந்துகொண்டிருந்தோம். அந்தப் பழைய வண்டி எங்களுக்கு முன்னால் வலது ஓரமாகப் போனது. அப்பா இடது ஓரத்திலேயே வேகத்தைக் கூட்டி அதன் பின்பக்கத்துக்கு நேராக வந்தார்.

"எரியுதா பாரு" என்றார்.

எரிந்தது.

(இறுதியாண்டு, மின்னியல் துறை)