ஊன்றிய கை

வழுக்கி விழும்போது மனிதன் யோசிப்பதில்லை. முகத்தைக் காப்பாற்றக் கை தானாகவே முன்னால் போய் ஊன்றிக்கொள்கிறது. வாலிபனானால் சிராய்ப்போடு எழுந்து, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்ப்பான். அறுபதைத் தாண்டிய அம்மாளுக்கோ மணிக்கட்டு எலும்பு முறிந்து, கை கவிழ்த்து வைத்த முள்கரண்டி மாதிரி வளைந்து நிற்கிறது.

டப்ளின் நகரத்து வைத்தியர் ஆபிரகாம் காலிஸ் 1814-ஆம் வருஷம் இந்த முறிவைப் பற்றி எழுதினார். எக்ஸ்ரே பிறக்க இன்னும் எண்பத்தொரு வருஷம் இருந்தது. கையைத் தொட்டுப் பார்த்தே, பிசகினது மூட்டு அல்ல, அதற்குச் சற்று மேலே எலும்பு முறிந்திருக்கிறது என்று கண்டு சொன்னார். கோணல் கடைசி வரை இருக்கும், ஆனால் வலி போய்விடும் என்று ஆறுதலும் சொன்னார். அந்த ஆறுதல் என் அக்காளுக்குப் போதவில்லை.

மார்கழியில், கோலத்துக்காகத் தானே தெளித்த தண்ணீரில் வழுக்கினாள். அத்திம்பேர் புத்தூர்க் கட்டு என்றார். பிள்ளை ஆபரேஷன் என்றான்; பிள்ளை ஜெயித்தான். உள்ளங்கைப் பக்கம் திறந்து ஒரு தகடும் சில திருகாணிகளும் வைத்தார்கள்.

"இத்தனை போட்டிருக்கே, இனிமேல் அசையாதோல்லியோ?" என்று கேட்டாள்.

"தகடு அசையாதம்மா. எலும்பு அசையாமலிருக்கணும்" என்றார் டாக்டர்.

செல்லரித்த நிலையில் எத்தனை உயர்ந்த கீலை அறைந்தால்தான் என்ன? பழைய திருகாணிகள் எலும்பைக் கவ்வித்தான் நின்றன. எலும்பு பொரபொரத்தால் பிடி போயிற்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய தகடுகளில் திருகாணியின் தலை தகட்டிலேயே மரையோடு பூட்டிக்கொள்கிறது. மூட்டுக்கு அடியில் உத்தரக் கட்டைகள் மாதிரி வரிசையாக நின்று தாங்குகிறது. அப்படியும் எலும்பு எத்தனை துண்டு, புறங்கைப் பக்கம் நொறுங்கியிருக்கிறதா, விரிசல் மூட்டுக்குள் ஓடியிருக்கிறதா, பக்கத்து எலும்பும் உடைந்ததா, வயசு என்ன என்பதையெல்லாம் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

அக்காள் விஷயத்தில் டாக்டர் கவலைப்பட்டது ஒரு பொடித் துண்டைப் பற்றி. உள்ளங்கைப் பக்கத்து விளிம்பில், சுண்டுவிரலை ஒட்டினாற்போல் இருந்தது. தகட்டின் பிடிக்கு அது தப்பிவிட்டால், கையே அதன் பின்னால் சரிந்துவிடுமாம். (பெரிய குடும்பங்களில் இப்படி ஒரு பொடி மனிதர் உண்டு.)

2014-இல் பிரிட்டனில் வெளியான ஒரு பரிசோதனையில் 461 பேரைச் சேர்த்துப் பார்த்தார்கள். வெட்டாமலே இழுத்து நேராக்கக்கூடிய முறிவானால், தோல் வழியே செருகும் கம்பிக்கும் தகட்டுக்கும் ஒரு வருஷம் கழித்துக் கையின் செயலில் வித்தியாசமில்லை என்று தெரிந்தது. தகட்டுக்குப் பணம் கட்டிய பிள்ளையிடம் இதை நான் சொல்லவில்லை. அக்காளுடைய முறிவு அந்த ஜாதியும் அல்ல.

அவளுக்குப் பயம் வேறு. கை தேறாவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்துவிட வேண்டும் என்று பிள்ளை சொல்லியிருந்தான். அந்தப் பயத்தில் விரல்களைக்கூட அசைக்காமல் பத்து நாள் வைத்திருந்தாள். டாக்டர் கோபித்துக்கொண்டார், விரல்கள் முதல் நாளிலிருந்தே மடங்கி நிமிர வேண்டுமாம், பாரம்தான் தூக்கக் கூடாதாம்.

ஆறாம் வாரத்துப் படத்தில் பொடித் துண்டு வைத்த இடத்திலேயே இருந்தது. "இட்லிப் பானையை எப்போது இறக்கலாம்?" என்றாள். மூன்று மாசம் ஆகட்டும் என்றார். வீட்டுக்கு வந்ததும், பங்குனியில் ஒரு தேதியைக் காலண்டரில் சுழித்தாள், அந்தக் கையாலேயே.