ஒரே தட்டில்

பெருநாளன்று எங்கள் வீட்டில் தம்மடை இல்லாமல் இருந்ததில்லை. ரவை, முட்டை, நெய், சர்க்கரை ஆகியவற்றைக் கலந்து, சட்டியின் கீழும் மூடியின் மேலும் தணலிட்டு உம்மா வேகவைத்து எடுப்பார்கள். நீரிழிவு கண்ட பிறகும் அந்தக் கைப்பக்குவம் மாறவில்லை. அவர்கள் உண்பது மட்டும் நின்றுபோயிற்று.

சென்ற நோன்புப் பெருநாளில் நான் ஒரு தவறு செய்தேன். எல்லோருக்கும் தம்மடையை வைத்துவிட்டு, உம்மாவுக்கு மட்டும் சர்க்கரையில்லாத பிஸ்கட்டைத் தனித் தட்டில் வைத்தேன். அக்கறையென்று எண்ணியே செய்தேன். ஒரே சஹனில் கைவைத்து உண்டு வளர்ந்தவர்கள் அந்தத் தட்டைச் சற்றுநேரம் பார்த்திருந்தார்கள். "எனக்குப் பசியில்லை மகளே" என்று அதைப் பேரனிடம் தள்ளிவிட்டார்கள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அவர்களைப் பிரித்து வைப்பதைவிட, வீட்டார் அனைவருமே இனிப்பைக் குறைத்துக்கொள்ளலாம் என்று தோன்றிற்று. தம்மடையில் சர்க்கரையைக் குறைத்துப் பார்த்தேன்; வறண்டு வெளிறிப் போயிற்று. சர்க்கரை இனிப்புக்கு மட்டும் அன்று. ஈரத்தைப் பிடித்து வைப்பதும் மேற்புறத்தைச் சிவக்க வைப்பதும் அதுவே. அந்த ஈரத்தை வேறொன்று தரவேண்டும். அப்போதுதான் கேரட் நினைவுக்கு வந்தது. பிரிட்டனில் 1940 முதல் 1953 வரை சர்க்கரை பங்கீட்டில் இருந்தது. போர்க்காலத்தில் அந்நாட்டுப் பெண்கள் கேரட்டைச் சேர்த்துக் கேக் செய்தார்கள். வரலாற்றுப் படிப்பு அடுக்களைக்கு உதவியது எனக்கே வேடிக்கைதான்!

மைதா 200 கிராம், மெல்லியதாகத் துருவிய கேரட் 200 கிராம், முட்டை 3, எண்ணெய் 150 மில்லி, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, பட்டைத்தூள் ஒரு தேக்கரண்டி, சிறிது உப்பு. 200 கிராம் சேரவேண்டிய சர்க்கரையை 50 ஆக்கினேன், பிள்ளைகள் தொடவில்லை. 100 கிராமில் பொருந்தி வந்தது. மேலே பூசும் இனிப்புக் குழைவை அறவே விட்டுவிட்டேன். ஓவனில் 180 டிகிரியில் 40 நிமிடம் வைத்து, குச்சியால் குத்திப் பார்த்து எடுத்தேன்.

"சர்க்கரைக்குப் பதில் பேரீச்சம்பழம் போடலாமே" என்றார் பக்கத்து வீட்டு லாத்தா. அதிலுள்ளதும் சர்க்கரைதான். மைதாவும் உடலுக்குள் சர்க்கரையாகவே மாறுகிறது. ஆகவே துண்டின் அளவில்தான் காவல். மருத்துவரிடம் கேட்டேன், உணவோடு, விரற்கடை அளவுள்ள ஒரு துண்டுக்கு இசைந்தார்.

ஹஜ்ஜுப் பெருநாளில் சஹனின் நடுவே அந்தக் கேக்கை வைத்தோம். உம்மா ஒரு சிறு துண்டை எடுத்து மெதுவாக மென்றார்கள்.

"உப்பு ஒரு கல் கூடிப்போச்சு, மகளே" என்றார்கள்.