பீடிக்கும் ஒரு கருமாதி

பீடியை விட்டவனுக்கு ஊரில் எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: அதை மறந்துடு, நினைக்கவே நினைக்காதே. விட்ட முதல் வாரத்தில் இதைவிட ஆகாத யோசனை கிடையாது என்பது என் எண்ணம். வாலிபத்திலிருந்து தலை நரைக்கும்வரை சட்டைப்பையில் கூடவே இருந்ததை எப்படி நினைக்காமல் இருப்பது? நான் பீடியை நினைத்தேன், வாய்விட்டுச் சொல்லி ஏங்கினேன். இன்றும் அதைத் திட்ட எனக்கு வாய் வராது. ஆனால் திரும்பத் தொடவும் மாட்டேன்.

பொம்மையார்பாளையத்தில் எங்களுக்குப் பீடி தொழிலோடு சேர்ந்து வந்தது. விடியலுக்கு முன்னால் கட்டுமரத்தைத் தண்ணீரில் தள்ளுவதற்குள் மணலில் ஒரு வட்டம் கூடும். மாமன், மச்சான், சித்தப்பா எல்லோரும் குந்தியிருப்பார்கள். வாடைக்காற்றில் வத்திக்குச்சி நிற்காது. இரண்டு கையையும் குவித்து, முகத்தை அதற்குள் கொண்டுபோய்த்தான் பற்றவைக்க வேண்டும். அந்தக் கண நேர வெளிச்சத்தில் அப்பாவின் முகம் சிவந்து தெரியும். மற்ற நேரத்தில் அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. ஒருவர் பற்றவைத்துவிட்டால் போதும், மற்றவர்கள் அவர் பீடியிலிருந்தே நெருப்பை வாங்கிக்கொள்வார்கள். முந்தின நாள் மீன்பாட்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பவனும், "நெருப்பு குடு" என்று கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். அதோடு பேச்சு வந்துவிடும்.

கடலுக்குள் போனபிறகு நேரத்துக்கும் பீடிதான் கணக்கு. வலையை விட்டுவிட்டு, "ரெண்டு பீடி நேரம் போவட்டும், அப்பறம் பாக்கலாம்" என்பார் அப்பா. இருட்டில் தூரத்துக் கட்டுமரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மினுங்கினால் நெஞ்சுக்குத் தெம்பு. அங்கே ஒருத்தன் விழித்திருக்கிறான்.

அந்த வட்டம் கூடிய மணல் இப்போது இல்லை. 1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் தடுப்புச் சுவர்களைக் கட்டினார்கள். வருடத்தில் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு வரும். சுவர் அதைத் தடுத்துவிட்டது. வடக்கே இருந்த கரைகளுக்கு வரவேண்டிய மணல் வரவில்லை, கடல் இருந்ததையும் தின்றது. வைத்திக்குப்பம், கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி என்று வரிசையாக வந்து எங்கள் கரையையும் பிடித்தது. கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கேட்டு ஊரே நின்றது. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் போய் ஃபைபர் படகுகள் நிறைந்தன. இதையெல்லாம் நான் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. மணல் போனது, மரம் போனது, அப்பா போனார். கடைசியாக மிஞ்சியிருந்தது பீடி ஒன்றுதான். அதையும் விடு என்று டாக்டர் சொன்னபோது, நெஞ்சில் இருந்த சளியைவிட அதுதான் பெரிய பாரமாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் அழுகைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பால் தெளிப்பார்கள், பதினாறாம் நாள் கருமாதி. அதுவரை அழுகிறவரை யாரும் அதட்டுவதில்லை, தனியாக விடுவதும் இல்லை. பீடியை விட்டவனுக்கும் உடம்பு ஏறக்குறைய இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறது. நிகோடின் இரத்தத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அதனால் சில மணி நேரத்திலேயே தவிப்பு தொடங்கிவிடும். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம். எரிச்சல், தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, மலச்சிக்கல், வாய்ப்புண், ஓயாத பசி எல்லாம் வரும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் அது தணியும். இந்தக் கணக்கை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், பைத்தியம் பிடிக்கிறதோ என்று நான் பயந்திருக்க மாட்டேன்.

பீடிக்காரனுக்குத் தவிப்பு குறைவாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதில் தூள் கொஞ்சம், சுற்றியிருப்பது வெறும் இலை, சிகரெட்டுக்கு இது தேவலை என்பது அவர்கள் பேச்சு. தவறு. அந்த இலை தானாகக் கனன்றுகொண்டிருக்காது. அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், ஆழமாக இழுக்க வேண்டும். சிகரெட்டுக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ நஞ்சு உள்ளே போகிறது. அதனால் பீடியை விடுகிறவன் சிகரெட்டை விடுகிறவனைப் போலவே துடிப்பான். அவனைச் சின்னதாக எண்ணக் கூடாது.

ஆசை வரும்போது அலையைப் போலச் சில நிமிடங்கள்தான் உயரமாக நிற்கும், பிறகு இறங்கிவிடும். கரையில் வளர்ந்தவனுக்கு இது புரியாமல் போகாது. அந்தச் சில நிமிடத்துக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டும். நான் கிழிந்த வலையை மடியில் போட்டுப் பொத்துக்கொண்டிருந்தேன். வாய்க்கு இஞ்சி, கிராம்பு, வெறும் தண்ணீர். முடிகிறவர்கள் டாக்டரைக் கேட்டு நிகோடின் மெல்லும் கம் வாங்கிக்கொள்ளலாம், அதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை.

டீ விஷயம் யாரும் சொல்லாதது. புகையில் உள்ள பொருட்கள் ஈரலைத் தூண்டி, டீ காபியில் இருக்கும் கஃபீனைச் சீக்கிரம் கரைத்துவிடும். புகை நின்றால் அதே டீ உடம்பில் அதிக நேரம் தங்கும். படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் பீடியை விட்டதால் மட்டும் என்று நினைத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரைச் சாலை டீக்கடையில் எனக்குப் பாதி கிளாஸ் ஊற்றச் சொன்ன பிறகுதான் இரவில் கண் மூடியது. டீக்கடை வேறு காரணத்துக்காகவும் கஷ்டம். பழைய கூட்டாளிகள் அங்கேதான். "இன்னா மச்சான், எங்க மேல கோவமா? ஒண்ணு வாங்கிக்க" என்று ஒருவர் நீட்டினார். மறுத்தால் அவரையே மறுத்ததுபோல் இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கூட உக்கார வந்தேன் மச்சான், இது மட்டும் வேணாம்" என்றேன். அவர் பீடியைக் காதிடுக்கில் செருகிக்கொண்டு, என் அப்பா ஒரே மீன்பாட்டில் வஞ்சிரமாக ஏற்றிக்கொண்டு வந்த கதையை எடுத்தார். நெருப்பில்லாமலும் பேச்சு வந்தது.

விட்ட கொஞ்ச நாளில் இருமல் கூடியது. வீட்டில் பயந்தார்கள். மூச்சுக்குழாயில் புகையால் செயலற்றுக் கிடந்த நுண்மயிர்கள் மறுபடி வேலை செய்து சளியை வெளியே தள்ளுவதால் சிலருக்கு அப்படி வரும் என்று விளக்கம் கிடைத்தது. நீடித்தால் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும்.

இந்த வாரம் என் தம்பி மகன் விட்டிருக்கிறான். முந்தாநாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு வந்து என் திண்ணையில் உட்கார்ந்தான். "இந்த ஏக்கம் எப்ப பெரியப்பா போவும்?" ஆளை மென்று திங்கிற இந்தப் பசி சில வாரத்தில் போய்விடும், மார்கழிக் காற்று முகத்தில் அடிக்கும்போது வருகிற ஏக்கம் எனக்கு இன்னும் போகவில்லை, அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று உள்ளதைச் சொன்னேன். பீடிக்கட்டின் மேலேயே அச்சடித்திருக்கும் 1800 11 2356 எண்ணைக் காட்டினேன். கூப்பிட்டால் காசில்லை, தமிழிலும் பேசுகிறார்கள். அவர்கள் எடுக்காத நேரத்தில் என் கதவைத் தட்டச் சொன்னேன், எந்நேரமானாலும். நேற்று ராத்திரி வந்தான். பீடியைப் பற்றியே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.