அறியாமல் குறையும் மூச்சு



பாபநாசத்தில் தாமிரபரணிக் கரையில் நின்று பொதிகையை நோக்கினால், பருந்துகள் சிறகடிக்காமல் மேலெழும்புவதைக் காணலாம். மலைச்சரிவில் மோதி மேலேறும் காற்று அவற்றைத் தாங்குகிறது. இயந்திரமில்லாத கிளைடர் விமானமும் இவ்விதமே உயருகிறது. ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நம் சபை வாலிபர் ஒருவர், ஆல்ப்ஸ் மலையருகே தாம் கிளைடர் ஓட்டுவதை என்னிடம் விவரித்தார்.

"அவ்வளவு உயரத்தில் பயமாயிராதா, தம்பி?" என்றேன்.

"பயம் வந்தால் நல்லது ஐயா. அங்கே பயம் வராததுதான் ஆபத்து" என்றார்.

18,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறையப் பாதியே. காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு அங்கும் 21 சதவீதந்தான். ஆனால் அழுத்தம் குறைவதால் அது இரத்தத்தில் போதிய அளவு சேர்வதில்லை. மூளை மந்தமாகும்போது பலருக்கு வேதனைக்குப் பதிலாக ஒரு பொய்யான மகிழ்ச்சியே உண்டாகிறது. ஆகவே, தேவையை உணரும்வரை விமானி காத்திருக்கலாகாது. அமெரிக்க விதிப்படி, 14,000 அடிக்கு மேல் பறக்கும் நேரமெல்லாம் அவர் ஆக்ஸிஜன் பயன்படுத்தவேண்டும்.

இதை உலகம் துயரத்தோடு கற்றது. 1875 ஏப்ரல் 15 அன்று பிரான்சில் 'செனித்' என்னும் பலூனில் மூவர் 8,000 மீட்டருக்கும் மேலே சென்றனர். ஆக்ஸிஜன் பைகள் அவர்களுடனேயே இருந்தன. ஆனால் தேவைப்பட்ட வேளையில் குழாயை எடுக்கக் கை எழும்பவில்லை. சிவெல், குரோசே-ஸ்பினெல்லி ஆகிய இருவரும் மாண்டனர். திசாந்தியே மட்டும் உயிரோடு இறங்கினார்.

அவ்வாலிபர் பேசிக்கொண்டிருக்கையில் என் மனம் 2021-ஆம் ஆண்டு மே மாதத்திற்குச் சென்றது. கொரோனா இரண்டாம் அலையின் நாட்கள். காய்ச்சலாயிருந்த சபை முதியவர் ஒருவரைத் தொலைபேசியில் விசாரித்தேன். "எனக்கு ஒண்ணுமில்ல ஐயா, நல்லா இருக்கேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பி, ஜெபித்து, பேச்சை முடித்தேன். மறுநாள் மகள் அவர் விரலில் ஆக்ஸிமீட்டரைப் பொருத்தியபோது அது 78 காட்டியது. நான்காம் நாள் அவரை அடக்கம்பண்ணினோம். குருமனை அலமாரியில் ஓர் ஆக்ஸிமீட்டர் அப்போதும் இருந்தது. அதைக் கொடுத்தனுப்ப எனக்குத் தோன்றவில்லை. இன்றும் அந்த அலமாரியைத் திறக்கும்போது என் கை தயங்குகிறது.

நியாயாதிபதிகள் 16:20-ல் சிம்சோனைப் பாருங்கள். முன்போலவே எழுந்து உதறிக்கொள்ளலாம் என்று எண்ணினான். கர்த்தர் தன்னைவிட்டு விலகியதை அவன் அறியவில்லை. என் ஊழியத்திலும் கூட்டங்கள் பெருகிய ஓர் ஆண்டிலேதான் தனிஜெபம் நின்றுபோயிற்று. நான் உற்சாகமாகவே இருந்தேன். "நீங்கள் முழங்காலில் நின்று எத்தனை நாளாயிற்று?" என்று என் மனைவி கேட்டபோதுதான் விழித்துக்கொண்டேன்.

பிரியமானவர்களே, 'நன்றாயிருக்கிறேன்' என்னும் உணர்வை மட்டும் சாட்சியாகக் கொள்ளாதிருங்கள். உங்களை அளந்து சொல்ல ஒருவருக்கு இடங்கொடுங்கள். கை எழும்பும்போதே ஜெபத்திற்கு அதை நீட்டுங்கள். "நல்லா இருக்கேன்" என்பவரின் வீட்டு வாசலுக்கும் இவ்வாரம் ஒருமுறை போய்வாருங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, நாங்கள் உணராத குறைவை எங்களுக்கு உணர்த்தும். பிறர் சொல்லாத குறைவைக் காணும் கண்களைத் தாரும். ஆமென்.