பொன்விழா மலரில் நான் விட்டவர்கள்

கோவை மில் ஒன்றின் பொன்விழா மலரை எழுதிக் கொடுத்தவன் நான். நிறுவனரின் வாழ்க்கை, இயந்திரங்கள் வந்து இறங்கிய கதை, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஊரில் மில்கள் பெருகியது எல்லாம் அதில் உண்டு. நூல் நூற்றவர்கள் இல்லை. மறந்து விடவில்லை. வேலைநிறுத்தங்களைப் பற்றி எழுதினால் நிர்வாகம் முகம் சுளிக்கும் என்று பயந்து, யாரும் சொல்லாமலே நானே விட்டுவிட்டேன்.

அதற்கு முன்பே ஆங்கிலேய வரலாற்றாசிரியர் இ.பி. தாம்சனைப் படித்திருந்தேன். அதனால்தான் என் தவறு பெரிதாகிறது. யார்க்‌ஷயரில் தொழிலாளர்களுக்கு மாலை வகுப்பு நடத்திக்கொண்டே, இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கம் உருவான வரலாற்றை எழுதி 1963இல் வெளியிட்டவர் அவர். இயந்திரங்களை உடைத்த லட்டைட்டுகளை மூடர்கள் என்றது உலகம். பிழைப்பைப் பறிகொடுத்தவர்களின் நியாயம் அது என்று ஆவணங்களைத் தேடி நிறுவினார் தாம்சன். நையாண்டியில் வல்லவர், ஆனால் அதை அதிகாரத்தின் மேல் வீசினார், தோற்றுப்போன ஏழைகளை ஏளனம் செய்ய மறுத்தார். அணுகுண்டு விழுந்தால் வீட்டுக்குள் எப்படித் தப்பிப்பது என்று பிரிட்டிஷ் அரசு 1980இல் கையேடு போட்டது. அதன் தலைப்பையே திருப்பிப்போட்டு, எதிர்த்தால்தான் பிழைக்க முடியும் என்று பதில் எழுதினார். தொழிற்சாலைக் கடிகாரம் மனிதர்களைப் பழக்கிய விதம் பற்றிய அவருடைய 1967ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்தபோது, நம்மூர் மில் சங்குதான் நினைவுக்கு வந்தது.

இதையெல்லாம் கூட்டங்களில் பேசினேன். எழுத வேண்டிய இடத்தில் எழுதவில்லை.

மலர் வேலை நடந்தபோது, ஸ்பின்னிங்கில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தேடி வந்தார். "எங்காளுகளப் பத்தியும் ரெண்டு வரி எழுதிப்போடுங்க தம்பி" என்றார். சின்னியம்பாளையம் ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள் நால்வரை 1946 ஜனவரி 8இல் கோவைச் சிறையில் தூக்கிலிட்டதையும், அதே ஆண்டு நவம்பரில் ஸ்டேன்ஸ் மில்லில் நடந்த துப்பாக்கிச் சூட்டையும் தன் அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவர். "பார்க்கலாமுங்க" என்று அனுப்பிவைத்தேன். ஒரு சொல்கூடக் குறித்துக்கொள்ளவில்லை. அவர் இப்போது உயிரோடு இல்லை.

படித்தவன் செய்த அநியாயம் இது. மலரை இனித் திருத்த முடியாது. ஆனால் மில்லுக்குப் போன அப்புச்சியோ அமுச்சியோ உங்கள் வீட்டில் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பேரோடும் ஊரோடும் எழுதி வையுங்கள். என்னைப் போன்றவர்கள் எழுதுவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.