வயிற்றுவலி என்கிற வாக்கியம்

மனநல ஆலோசகரிடம் முதல் தடவையாகப் போகிறவன் எதை எதிர்பார்த்துப் போக வேண்டும் என்று நம் வட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். நான் ஏழு மாதங்களாகப் போய்வருவது அவருக்குத் தெரியும். கடிதமாகப் பதில் எழுத ஆரம்பித்தேன். அது அவருக்கு மட்டுமான பதிலாக நிற்கவில்லை. எழுதுகிறவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிச் சங்கடம் இருப்பதாகத் தோன்றிற்று. நம்மிடம் வார்த்தைகள் தயாராக இருக்கின்றன. சங்கடமே அதுதான்.

முதலில் ஸ்தூலமான சங்கதிகள். நம் ஊரில் கவுன்சிலர் என்றால் வார்டு கவுன்சிலர். அந்தப் பதத்தின் மறு அர்த்தம் இன்னும் சரியாக வேர்விடவில்லை. மனநல மருத்துவர் வேறு, ஆலோசகர் வேறு. முன்னவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதுவது அவர் காரியம். பின்னவர் பேசுவதையும் கேட்பதையும் தொழிலாகக் கொண்டவர். மாத்திரை தர மாட்டார். கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அதற்கான சட்டம் 1992லேயே வந்துவிட்டது. வெறும் 'கவுன்சிலர்' என்று போர்டு மாட்டிக்கொள்கிறவரை 2021இல் வந்த ஒரு மத்தியச் சட்டந்தான் தன் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. ஆகவே, என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே பயிற்சி பெற்றீர்கள் என்று நேராகக் கேட்டுவிடலாம். கேட்பது மரியாதைக் குறைவல்ல. தூக்கமே அற்றுப்போனவர்கள், இல்லாத குரல்கள் கேட்கிறவர்கள், செத்துப்போய்விடலாம் என்ற நினைப்பு விடாமல் துரத்துகிறவர்கள் முதலில் மருத்துவரைப் பார்ப்பதே சரி. பணம் இல்லாதவர்களுக்கு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி இருக்கிறது. 2022 முதல் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

முதல் நாள் பெரும்பாலும் கேள்விகள்தான். வயது, வேலை, வீட்டில் யார் யார், தூக்கம், சாப்பாடு, முன்பு செய்துகொண்ட வைத்தியம், குடி, புகை. சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா என்பதையும் ரயில் நேரம் விசாரிப்பதுபோல் கேட்பார்கள். அந்தக் கேள்வி பயமுறுத்துவதற்கில்லை. எல்லோரிடமும் கேட்பது. பிறகு ஒரு காகிதம். வாசித்துக் கையெழுத்திட வேண்டும். சொல்வது வெளியே போகாது; உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால், நீதிமன்றம் கேட்டால், அப்போது மட்டும் விலக்கு. மனநோய்ச் சிகிச்சை பற்றிய தகவல்கள் ரகசியமாகக் காக்கப்படுவது நோயாளியின் உரிமை என்று 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. நேரம் முக்கால் மணியிலிருந்து ஒரு மணிவரை. வாரம் ஒரு முறை. நான் போகும் இடத்தில் ஒரு தடவைக்கு 800 ரூபாய். சில நாட்கள் வெளியே வரும்போது, போனபோது இருந்ததைவிடக் கனமாக இருக்கும். நாலைந்து தடவைக்குப் பிறகும் ஒட்டவில்லையென்றால் அதையே அவரிடம் சொல்லலாம், வேறொருவரிடம் மாறலாம். அதில் துரோகம் ஒன்றுமில்லை.

இந்த 800 ரூபாய்தான் நண்பர்களை உறுத்துகிறது. "பேசுறதுக்குக் காசு கொடுக்கணுமாவே? ஜங்ஷன்ல டீக்கடைக்கு வாரும், நான் சும்மாவே கேக்கேன்" என்றார் ஒருவர். அவர் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் கேட்க மாட்டார், பதில் சொல்வார். நம்மிடையே கேட்பவர் யாராயிருந்தாலும் ஒரு உறவு ஸ்தானத்தில்தான் கேட்கிறார். மாமா என்றால் மாமாவுக்கு உரிய பதில், அண்ணாச்சி என்றால் அண்ணாச்சிக்கு உரிய பதில். "விட்டுத்தள்ளு", "எல்லாம் சரியாப் போகும்", "கல்யாணத்த முடிச்சிட்டா தெளிஞ்சிருவான்." வாக்கியங்கள் ஏற்கெனவே அச்சாகி இருக்கின்றன. கேட்டவருக்கு நாம் கடன்பட்டும் போகிறோம். அடுத்த விசேஷ வீட்டில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். காசு வாங்கும் அந்நியருக்கு இந்தக் கடன் கிடையாது. வங்கிக் குமாஸ்தாவுக்கு இது எளிதில் புரியும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருப்பவன் உறவினன் இல்லை என்பதால்தான் அந்தப் பக்கம் நிற்பவர் தன் கணக்கில் இருப்பதைக் கூசாமல் கேட்க முடிகிறது. கார்ல் ராஜர்ஸ் 1942இல் ஆலோசனை பற்றி எழுதிய புத்தகத்தில், வருகிறவரை நோயாளி என்று சொல்லாமல் 'கிளையண்ட்' என்றார். தமிழில் வாடிக்கையாளர் என்றுதான் ஆக்க வேண்டியிருக்கிறது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. இப்போது அந்தச் சொல்லில் ஒரு கௌரவம் தெரிகிறது.

இது மேல்நாட்டு இறக்குமதி என்ற ஆட்சேபம் உண்டு. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை ஆரம்பித்தது 1922இல். ஃப்ராய்டைச் சந்திக்காமலே வருஷக்கணக்காகக் கடிதம் எழுதியவர் அவர். தம்மிடம் வந்தவர்களிடம் கண்டது ஃப்ராய்டு சொன்னதோடு எல்லா இடத்திலும் பொருந்தவில்லை என்று அவருக்கே எழுதினார். நூறு வருஷங்களுக்கு மேலாக இங்கே இருப்பதை இன்னும் இறக்குமதி என்பது சோம்பல். மறுபக்கம், தர்காவையும் அந்தோணியார் கோயிலையும் கோடாங்கியையும் கேலி செய்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வேறெங்கும் தம்மைக் கேட்பாரில்லை என்றுதான் ஜனங்கள் அங்கே போகிறார்கள். ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடிகாலைத் தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்ததை மறந்துவிட்டு நம் மரபின் கருணையைப் பற்றிப் பேசவும் முடியாது.

இனி என் விஷயம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது. தண்ணீர் வடிந்தபின், நனைந்த பாஸ்புத்தகங்களோடு ஜனங்கள் கவுண்டருக்கு வந்தார்கள். கணக்குக் கேட்க வந்தவர்கள் கணக்கை விட்டுவிட்டுத் தண்ணீர் வந்த கதையைச் சொன்னார்கள். எத்தனை மணிக்கு, எந்தப் படிவரை, எதை முதலில் தூக்கினார்கள், எதை விட்டுவிட்டார்கள். ஒரே ஆள் மூன்று தடவைகூடச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர்கள் முகம் தெளிவதைப் பார்த்தேன். அந்த மாதத்திலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. வயிற்றில் ஏதோ புரண்டது. ஸ்கேன் எடுத்தும் ஒன்றும் அகப்படவில்லை. ஒரு வருஷத்துக்குமேல் வயிற்று வைத்தியம் பார்த்துவிட்டு, அந்த வைத்தியர் சொல்லித்தான் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு மாடிக்குப் போனேன்.

என் தம்பி 2011இல் தற்கொலை செய்துகொண்டான். அவனுக்கு இருபது வயது. காவல்துறை எழுதியதும், பத்திரிகையில் மூன்று வரியாக வந்ததும், நாங்கள் உறவினரிடம் சொன்னதும் ஒரே வாக்கியந்தான்: தீராத வயிற்றுவலி. தமிழ்ப் பத்திரிகை வாசிக்கிற எவருக்கும் அந்த வாக்கியம் பரிச்சயம். எத்தனை பெண்களும் பையன்களும் மாணவர்களும் அந்த நான்கு அங்குல இடத்தில் வயிற்றுவலியால் இறந்திருக்கிறார்கள்! தற்கொலைக்கு முயல்வதே குற்றமாக இருந்த காலம் அது. 2017ஆம் வருஷத்துச் சட்டம் 2018இல் அமலுக்கு வந்த பிறகுதான் அந்தத் தண்டனையின் நிழல் ஏறக்குறைய விலகிற்று. அந்த வாக்கியத்தை வெறும் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். இருப்பவர்களைக் காப்பாற்ற ஒரு சமூகம் கண்டுபிடித்த சூத்திரம் அது. எங்கள் வங்கியில், எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாத தொகையைச் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். போட்டு வைக்கலாம், தீர்க்காமல் விடக்கூடாது. எங்கள் வீட்டில் அது பதின்மூன்று வருஷம் கிடந்தது.

"இங்க வரணும்னு எப்பத் தோணிச்சு சார்?" என்றார் ஆலோசகர். "தூக்கம் இல்ல மேடம். வயிறு ஒரு மாதிரி புரட்டுது" என்றேன். அவர் அதைத் திருத்தவில்லை. வயிறு பற்றியே இரண்டு வாரம் கேட்டார். மூன்றாவது வாரம் தம்பி வந்தான். வந்தவுடன் நான் ஆங்கிலத்துக்குப் போய்விட்டேன். டிப்ரஷன், டிராமா, கில்ட், சர்வைவர். பி.ஏ. இலக்கியமும் பதினைந்து வருஷ விமர்சனமும் கைகொடுத்தன. வாக்கியங்கள் நன்றாக விழுந்தன. முடியும்வரை கேட்டுவிட்டு, "இதையே வீட்டுல பேசுற தமிழ்ல சொன்னா எப்படிச் சொல்வீங்க?" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. மீதி இருபது நிமிஷமும் பேச்சில்லை. அந்த மௌனத்தை அவர் நிரப்பவில்லை. டீக்கடை நண்பர் நிரப்பியிருப்பார்.

இந்தத் தொழிலுக்குப் 'பேச்சு வைத்தியம்' என்று பெயர் வைத்தவர் மருத்துவரல்லர், நோயாளி. வியன்னாவில் பிராயரிடம் வைத்தியம் பெற்ற பெர்தா பாப்பன்ஹைம். பிராயரும் ஃப்ராய்டும் 1895இல் வெளியிட்ட நூலில் அவர் பெயர் அன்னா ஓ. நோயின் ஒரு கட்டத்தில் அவருக்குத் தாய்மொழியான ஜெர்மன் போய்விட்டது. ஆங்கிலம் மட்டுமே பேசினார். அந்தப் பெயரையும் ஆங்கிலத்தில்தான் வைத்தார். கல்லூரியில் படித்தபோது இது ஒரு வினோதத் தகவல். அந்த மாடியில் இருபது நிமிஷம் வாயடைத்து உட்கார்ந்த பிறகு தகவலாக இல்லை.

அடுத்த வாரம் ஒரு வாக்கியம் வந்தது: "எங்க யார்ட்டயும் ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டான் மேடம்." விமர்சகனாகப் பார்த்தால் சாதாரண வாக்கியம்; எழவு வீட்டில் யாரும் சொல்லக்கூடியது. ஆனால் 'சொல்லாம' என்ற இடத்தில் என் குரல் உயர்ந்தது. நான் சுமந்தது துக்கம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் கோபம் இருந்தது, செத்தவன் மேல். செத்தவன் மேல் கோபப்படுவதற்கு நம் வீடுகளில் இடம் இல்லை. ஒப்பாரியில் பெண்களுக்கு மட்டும் கொஞ்சம் இருந்தது.

இவற்றால் சமூகம் மாறிவிடுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: மாறாது. ஆறு பெருகி வரும்போது ஆலோசகர் வேண்டாம், படகு வேண்டும். கந்துவட்டியையும் சாதியையும் அந்த மாடி தீர்க்காது. தீர்ப்பதாகச் சொல்கிற ஆலோசகரிடமிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். ஆனால் தண்ணீர் வடிந்தபின் அதைச் சொல்வதற்கும் ஒரு இடம் வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் அம்மா, "வாரா வாரம் எங்கய்யா போற?" என்றாள். "தம்பியப் பத்திப் பேசப் போறேம்மா" என்றேன். புளி உருட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவனுக்கு ஒரு நாளும் வயித்துவலி வந்ததில்லய்யா" என்றாள். அதற்குமேல் அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதையும் அங்கேதான் கற்றிருக்கிறேன்.

ஆகவே, கேட்ட நண்பருக்கு: அறிவுரையை எதிர்பார்க்காதீர்கள், நிவாரணத்துக்குத் தேதி கேட்காதீர்கள். உங்களிடம் தயாராக இருக்கும் வாக்கியங்கள் முதல் மாதத்திலேயே தீர்ந்துபோகும். எழுதுகிறவனுக்கு அது கலவரமாக இருக்கும். தீர்ந்த பிறகும் போங்கள்.