‘டிக்’ சத்தத்தோடு நின்ற ஜீப்

போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டம் வைத்திருக்கும் அந்த விவசாயிக்கு ஆள், உரம், பச்சைக் காய் எல்லாம் ஏற்ற ஒரே பழைய ஜீப்தான். காய் பறிப்பு நேரத்தில் ஒருநாள் சாவியைத் திருப்பினால், ‘டிக்’ என்ற சத்தம் மட்டும். பறித்த காயைக் காலத்தோடு உலர்த்தாவிட்டால் பச்சை நிறம் நிற்காது. நிறம் போனால் ஏலத்தில் விலையும் போகும்.

“அண்ணே, புது ஸ்டார்ட்டரே வாங்கிருங்க” என்றார் டிரைவர். வாங்குவதற்குத்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். இவர் சாவியைத் திருப்பச் சொல்லி ஹெட்லைட்டைப் பார்த்தார். மங்கினால் பேட்டரியையோ டெர்மினலையோ சந்தேகப்படலாம், மங்கவில்லை. கியரை நியூட்ரலில் போட்டு, பேட்டரி மைனஸிலிருந்து ஸ்டார்ட்டர் உடம்புக்கு ஜம்பர் கேபிள் கொடுத்தார். அப்போதும் சுற்றவில்லை. ஆக, எர்த் கோளாறும் இல்லை.

மைனஸ் வயரை முதலில் கழற்றிவிட்டு (இதை மறந்து ஸ்பேனர் போட்டால் தீப்பொறி பறக்கும்) ஸ்டார்ட்டரை இறக்கினார். உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்து குட்டையாகி, கம்யூட்டேட்டரைத் தொடவே இல்லை. சுற்றிலும் கரித்தூள். டவுனில் எலக்ட்ரீஷியன் பிரஷ்ஷையும் தேய்ந்த புஷ்ஷையும் மாற்றி, கம்யூட்டேட்டரை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தார்.

அன்றைய காய் பக்கத்துத் தோட்டத்து ஜீப்பில் ஸ்டோருக்குப் போனது. மறுநாள் காய் இவர் ஜீப்பிலேயே.